கடைசி சில மீட்டர்: ஜப்பான் சுரங்கங்களில் நிலக்கரியை இழுத்தவர்கள்

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட ஒரு டான்ஸ்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

ஜப்பான்ல கோடைக்காலத்துல 'போன்' பண்டிகை வரும். இறந்துபோன முன்னோர்களை நினைச்சுக்கிற பண்டிகை. ஊர் மைதானத்துல நடுவுல ஒரு மேடை கட்டி, அதைச் சுத்தி எல்லாரும் வட்டமா நின்னு ஆடுவாங்க. தாத்தா பாட்டில இருந்து ஸ்கூல் பசங்க வரைக்கும். நம்ம ஊர் கும்மி மாதிரின்னு வெச்சுக்கோங்க. அதுல நாடு முழுக்கத் தெரிஞ்ச ஒரு பாட்டு 'தங்கோ புஷி'. அப்படின்னா 'நிலக்கரிச் சுரங்கப் பாட்டு'ன்னு அர்த்தம். கியூஷு தீவுல தகாவாங்கிற சுரங்க ஊர்ல, நிலக்கரியில இருந்து கல்லைப் பொறுக்கிப் பிரிச்சுக்கிட்டிருந்த பெண்கள் வேலை செஞ்சுக்கிட்டே பாடினதுல இருந்து வந்த பாட்டு.

அந்த ஆட்டத்தோட அசைவுகளைக் கவனிங்க. முதல்ல தோண்டுற மாதிரி. அப்புறம் தோள்ல தூக்கிக்கிற மாதிரி. ஒரு அடி பின்னால போய், கையை நெத்திக்கு மேல வெச்சு நிலாவைப் பாக்குற மாதிரி. கடைசியா வண்டியைத் தள்ளுற மாதிரி.

கணக்குப் போட்டுப் பாத்தா தோண்டுறது ஒண்ணு, சுமக்கறதும் தள்ளுறதும் ரெண்டு. ஆனா சுரங்கம்னு சொன்னா நம்ம மண்டையில வர்ற படம் என்ன? ஒரு ஆள் கையில பிக்காசை வெச்சுக்கிட்டு பாறையைக் கொத்துறது. தூக்கிட்டுப் போறவங்க அந்தப் படத்துலயே கிடையாது.

நான் சாஃப்ட்வேர்ல வேலை பாக்கறேன். சிஸ்டம் டிசைன் பேசும்போது ஒயிட்போர்டுல பெட்டி பெட்டியா வரைவோம். ரெண்டு பெட்டிக்கு நடுவுல ஒரு அம்புக்குறி. பெட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு ரெண்டு மணி நேரம் சண்டை போடுவோம். அம்புக்குறியைப் பத்தி யாருமே பேச மாட்டோம். டேட்டா அதுவா போயிடும்னு ஒரு நம்பிக்கை. இன்னைக்கு எபிசோட் முழுக்க அந்த அம்புக்குறியைப் பத்திதான். ஜப்பான் சுரங்கங்கள்ல அந்த அம்புக்குறி ரொம்ப காலத்துக்கு ஒரு பெண்ணா இருந்தது.

முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்

இடத்தை முதல்ல சொல்லிடறேன். கியூஷு, ஜப்பானோட நாலு பெரிய தீவுகள்ல தெற்குல இருக்கறது. அதோட வடக்குப் பகுதியில ஃபுகுவோக்கா மாநிலம். அங்க சிக்குஹோன்னு ஒரு நிலக்கரிப் படுகை. மெய்ஜி காலத்துல, அதாவது 1868-க்கு அப்புறம் ஜப்பான் வேகமா தொழில் நாடா மாறினப்போ, கப்பலுக்கும் ரயிலுக்கும் ஃபேக்டரிக்கும் தேவைப்பட்ட நிலக்கரியில பெரும்பங்கு இங்கிருந்துதான் போச்சு.

சிக்குஹோல நிலக்கரி அடுக்குகள் பல இடங்கள்ல மெல்லிசு, அதோட சாய்வாவும் இருக்கும். அடுக்கு எவ்வளவு உயரமோ கிட்டத்தட்ட அவ்வளவுதான் வேலை செய்யற இடத்தோட உயரம். கல்லையும் சேத்து வெட்டி உயரமாக்கினா காசு வேஸ்ட். அதனால நிறைய இடங்கள்ல ஆள் நிமிர்ந்து நிக்க முடியாது. குனிஞ்சோ, மண்டி போட்டோ, ஒருக்களிச்சுப் படுத்தோதான் வேலை.

அங்க வேலை நடக்கற யூனிட் ரெண்டு பேர். வெட்டறவருக்கு 'சகியாமா'ன்னு பேரு. 'முன்னால் இருப்பவர்'னு எடுத்துக்கலாம். வெட்டினதை அள்ளி வெளியே கொண்டு போறவங்க 'அதோயாமா', பின்னால் இருப்பவர். பெரும்பாலும் சகியாமா புருஷன், அதோயாமா பொண்டாட்டி. சில சமயம் அப்பாவும் மகளும், அண்ணனும் தங்கச்சியும். அதாவது ஒரு குடும்பம் அப்படியே சுரங்கத்துக்குள்ள இறங்கும்.

அதோயாமா வேலைன்னா என்ன? வெட்டுற இடத்துல இருந்து தண்டவாளம் இருக்கிற இடம் வரைக்கும் நிலக்கரியைக் கொண்டு வந்து, வண்டியில கொட்டணும். அங்கிருந்து வண்டி மேல போயிடும். கேக்க சிம்பிளா இருக்கு. ஆனா மொத்த சுரங்கத்துலயும் கஷ்டமான தூரம் இந்தக் கடைசி சில மீட்டர்தான்.

ஏன்னு கேட்டா, தண்டவாளம் போடணும்னா பாதை ஓரளவு உயரமா, நேரா, நிலையா இருக்கணும். வெட்டுற இடம் அப்படி இல்ல. தினமும் வெட்ட வெட்ட அது உள்ள நகர்ந்துக்கிட்டே போகும். இன்னைக்குப் போட்ட தண்டவாளம் நாளைக்கு எட்டாது. உயரமும் கிடையாது. அதனால அங்க மனுஷ உடம்பை வெச்சுதான் அட்ஜஸ்ட் பண்ணாங்க.

சறுக்குப் பெட்டியும் காவடியும்

ரெண்டு கருவியை மட்டும் விரிவா சொல்றேன்.

முதல்ல 'ஸுரா'. மரத்துலயோ மூங்கில்லயோ செஞ்ச ஒரு பெட்டி. அடியில சறுக்கறதுக்கு ரெண்டு கட்டை. சக்கரம் கிடையாது. சக்கரம் வெச்சா ஈஸியா இருக்குமேன்னு தோணும். எஞ்சினியரா யோசிச்சுப் பாருங்க. சக்கரம் வெச்சா பெட்டியோட உயரம் கூடும், அங்க ஒவ்வொரு இஞ்சும் முக்கியம். தரை மேடும் பள்ளமுமா இருக்கு. எல்லாத்துக்கும் மேல பாதை சரிவு. சக்கரம் இருந்தா ஓடிடும். உராய்வுதான் அங்க பிரேக்.

பாதையில ஏணிப்படி மாதிரி குறுக்குக் கட்டைகளைப் பதிச்சிருப்பாங்க. பெட்டி அந்தக் கட்டைகள் மேல வழுக்கிக்கிட்டுப் போகும். மேடா இருந்தா, பட்டையைத் தோள்ல மாட்டிக்கிட்டு கையையும் காலையும் ஊனி நாலு கால்ல தவழ்ந்துக்கிட்டே இழுக்கணும். சரிவா இருந்தா இன்னும் மோசம். நிரம்பின பெட்டிக்கு முன்னால போய், அதைத் தன் உடம்பால தாங்கிக்கிட்டு, காலைக் குறுக்குக் கட்டைகள்ல ஒவ்வொண்ணா ஊனி ஊனி மெதுவா இறங்கணும். கால் வழுக்கினா முழு எடையும் மேல வந்து விழும். மேல ஈரம், கீழ ஈரம், வெளிச்சத்துக்கு ஒரு சின்ன எண்ணெய் விளக்கு.

ரெண்டாவது 'செனா'. இது நம்ம காவடி மாதிரி. ஒரு தடி, முன்னால ஒரு கூடை, பின்னால ஒரு கூடை, ரெண்டுலயும் நிலக்கரி. பெட்டி போக முடியாத குறுகலான சரிவுல இதைத் தூக்குவாங்க. காவடின்னா நிமிர்ந்து நடப்போம்ல, இங்க அது முடியாது. தடியைத் தோள்ல வெச்சு, இடுப்பை மடிச்சு, முதுகைக் கூரைக்குக் கீழ அடக்கிக்கிட்டு, ஒரு கையில குட்டையா ஒரு கைத்தடியை ஊனிக்கிட்டு ஏறணும். கூடை எதுலயும் இடிக்கக் கூடாது, ஆடவும் கூடாது.

இதுல பலம் மட்டும் பத்தாது, பயங்கரமான திறமையும் வேணும். எங்க கால் வெக்கணும், எப்ப மூச்சு விடணும், பெட்டி எந்தக் கட்டையில நிக்கும், எல்லாம் உடம்புக்குத் தெரிஞ்சிருக்கணும். அதோயாமா சரியில்லன்னா சகியாமா எவ்வளவு வெட்டினாலும் பிரயோஜனம் இல்ல. வெட்டினது அங்கேயே குவிஞ்சு, அடுத்து வெட்ட இடம் இருக்காது. நம்ம பாஷையில சொன்னா, மொத்த சிஸ்டத்தோட த்ரூபுட்டை முடிவு பண்ணது வெட்டறவர் இல்ல, பின்னால இருக்கறவங்க.

சம்பளம் எதுக்கு?

சரி, சம்பளம் எப்படிக் கொடுத்தாங்க? எத்தனை மணி நேரம் வேலைங்கிறது கணக்கு இல்ல. எத்தனை வண்டி நிரப்பினீங்கங்கிறதுதான் கணக்கு. ஒவ்வொரு ஜோடியும் தங்களோட அடையாளச் சீட்டை வண்டியில வெச்சு அனுப்பணும். மேல ஒரு ஆள் செக் பண்ணுவார். கல் கலந்திருந்தா, அளவு குறைஞ்சிருந்தா, கூலியில பிடிச்சுடுவாங்க. கீழ இருக்கறவங்க மேல வந்து வாதாட முடியாது. அவங்க அடுத்த வண்டியை நிரப்பிக்கிட்டு இருப்பாங்க.

இன்னொரு சிக்கல், காலி வண்டி. நிலக்கரி வெட்டியாச்சு, இழுத்து வந்தாச்சு, ஆனா கொட்ட வண்டி இல்லன்னா? காத்திருக்கணும், அந்த நேரத்துக்குக் காசு கிடையாது. அதனால காலி வண்டி வந்தா யாருக்குன்னு போட்டி. அந்தப் போட்டியும் அதோயாமாவோட வேலைதான்.

கணவன் மனைவியா இருந்தா பெரும்பாலும் ரெண்டு பேர் உழைப்புக்கும் சேர்த்து ஒரே கணக்கு. பாதி வேலை அவங்களோடது. ஆனா தனியா ஒரு வரியா அது எங்கயும் தெரியாது. ஷிஃப்ட் முடிஞ்சு மேல வந்ததும் புருஷன் குளிச்சுட்டு ஒரு டம்ளர் சாராயத்தோட உக்காந்திடுவார். பொண்டாட்டி அடுப்பு பத்த வெக்கணும், துணி துவைக்கணும், குழந்தையைப் பாக்கணும். அந்தக் காலத்து ஆட்களோட நினைவுகள்ல இது திரும்பத் திரும்ப வருது.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்னா, அதுல பெரிய பங்கு ஒரு மனுஷனுக்கு. யமமோட்டோ சகுபேய். 1892-ல பொறந்தவர். ஏழெட்டு வயசுலயே அப்பா அம்மா கூட சுரங்கத்துக்குள்ள போனவர். அரை நூற்றாண்டு சுரங்கத்துலயே வேலை. அறுபது வயசு தாண்டின பிறகு, நைட் வாட்ச்மேனா இருந்தப்போ, பேரப்பிள்ளைங்களுக்கு இந்த வாழ்க்கை தெரியணும்னு படம் வரைய ஆரம்பிச்சார். பெயிண்டிங் எதுவும் படிச்சவர் கிடையாது. படத்தோட ஓரத்துலயே கருவியோட பேரு, எப்படிப் பிடிக்கணும், அரிசி என்ன விலைன்னு எல்லாம் எழுதி வெப்பார். கிட்டத்தட்ட ஒரு டாக்குமென்டேஷன். 1984-ல இறந்துட்டார். 2011-ல அவரோட படங்கள், டைரிகள் எல்லாம் சேர்த்து 697 உருப்படிகளை யுனெஸ்கோ 'உலக நினைவகம்' பட்டியல்ல சேர்த்தது. அந்தப் பட்டியல்ல ஜப்பானோட முதல் பதிவு ஒரு ராஜாவோட ஆவணம் இல்ல, இவரோடது.

மெஷின் வெளியில இருந்து உள்ள வந்துச்சு

சரி, மெஷின் எப்ப வந்துச்சு? அது நாம நினைக்கிறதை விட ரொம்ப முன்னாடியே வந்துடுச்சு.

நாகசாகி பக்கத்துல தகாஷிமான்னு ஒரு தீவு. அங்க 1869-ல, ஸாகா பகுதி ஆட்சியும் தாமஸ் கிளவர்ங்கிற ஸ்காட்லாந்து வியாபாரியும் சேர்ந்து, நீராவி எஞ்சின் வெச்ச மேற்கத்திய பாணி செங்குத்துச் சுரங்கத்தைத் தொடங்கினாங்க. ஜப்பான்ல அதுதான் முதல். சிக்குஹோல 1881-ல சுகியாமா தொகுசபுரோங்கிறவர் நீராவி பம்ப் வெச்சு சுரங்கத் தண்ணியை வெளியேத்திக் காட்டினார். தண்ணி பிரச்சினை தீர்ந்ததும் இன்னும் ஆழமா போக முடிஞ்சது. ஆழமா போனதும், சாய்வுப் பாதையில வண்டிகளைக் கோர்த்து இழுக்க நீராவி வின்ச் வந்தது.

அந்த வண்டிகளைக் கோர்க்கறது, கழட்டறது, ஓடற வண்டியில தொத்திக்கிட்டுப் போறதுக்குன்னே தனி ஆட்கள் இருந்தாங்க, 'ஸாவோதோரி'ன்னு. துறுதுறுன்னு இருக்கிற இளைஞர்கள். ரொம்ப ஆபத்தான வேலை. கொக்கி விட்டுப்போச்சுன்னா வண்டி சரிவுல அப்படியே உருண்டு ஓடிடும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

வெளியிலயும் இதே கதை. முன்னாடி நிலக்கரி ஓங்கா ஆத்துல தட்டையான படகுகள்ல துறைமுகத்துக்குப் போச்சு. 1891-ல வகமாட்ஸு துறைமுகத்துல இருந்து நோகடாவுக்கு ரயில் வந்தது. கொஞ்சம் கொஞ்சமா படகுக்காரங்க வேலை போச்சு.

இப்ப பேட்டர்னைப் பாருங்க. துறைமுகம், ரயில், வின்ச், பம்ப் எல்லாம் மாடர்ன். மேல இருந்து கீழ, வெளியில இருந்து உள்ளன்னு மெஷின் வந்துக்கிட்டே இருக்கு. ஆனா கடைசி சில மீட்டருக்கு வரல. ஒரு பைப்லைன்ல எல்லா ஸ்டேஜையும் வேகமாக்கிட்டு ஒரே ஒரு ஸ்டேஜை அப்படியே விட்டா என்ன ஆகும்? மொத்த பிரஷரும் அங்கதான் போய் விழும். ரயில் வேகமானா இன்னும் வண்டி வேணும். வின்ச் வேகமானா இன்னும் நிரப்பணும். மெஷின் வந்ததால அதோயாமாவோட சுமை குறையல. இன்னும் அதிகமா இழுக்க வேண்டி வந்தது.

மெஷினை ஏன் அங்க கொண்டு வரலன்னா, டெக்னிக்கலா கஷ்டம்ங்கிறது பாதி காரணம். மனுஷங்க சீப்பா கிடைச்சாங்கங்கிறது மீதி. மீகேன்னு இன்னொரு பெரிய சுரங்கம், சிக்குஹோவுக்குத் தெற்கே, ஓமுதா நகரத்துல. 1873-ல அரசாங்க சுரங்கமாச்சு. அன்னைல இருந்தே கைதிகளை வேலைக்கு இறக்கினாங்க. 1883-ல பக்கத்துலயே பெரிய சிறை. 1880-கள் கடைசில சுரங்கம் மிட்ஸுயி கம்பெனி கைக்குப் போச்சு, கைதி வேலை மட்டும் நிக்கல. 1930 வாக்குலதான் அது முடிஞ்சது. மீகேல உள்ள வண்டி இழுக்கக் குதிரைகளும் இருந்தன. அதே மீகேலதான் எம்.ஐ.டி.யில படிச்ச தான் தகுமா இங்கிலாந்துல இருந்து பிரம்மாண்டமான பம்புகளைக் கொண்டு வந்து வெச்சார். உலகத் தரத்துல பம்ப், பக்கத்துலயே சங்கிலி போட்ட கைதி. ரெண்டும் ஒரே சுரங்கம், ஒரே காலம்.

கன்வேயர் வந்த நாள்

கடைசி சில மீட்டருக்கு மெஷின் வந்தது 1920-களோட பிற்பகுதியில இருந்துதான். அதுக்கு முதல்ல வெட்டுற முறையே மாறணும். அதுவரை ஒவ்வொரு ஜோடியும் தனித்தனி மூலையில வெட்டுவாங்க. புது முறையில ஒரே நீளமான சுவர். அதுல ஆண்கள் குழுவா வரிசையா நின்னு வெட்டுவாங்க. சுவரை ஒட்டியே கன்வேயர் ஓடும். வெட்டி அதுல தள்ளினா போதும். ஸுரா வேண்டாம், செனா வேண்டாம்.

அதே நேரத்துல சட்டமும் வந்தது. 1928-ல விதிகளைத் திருத்தி, பெண்களும் சிறுவர்களும் பூமிக்கு அடியில வேலை செய்யத் தடை கொண்டு வந்தாங்க. முழுசா அமலுக்கு வந்தது 1933-ல. ரொம்ப மெல்லிய அடுக்குகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தாங்க.

இதைக் கேட்டா நல்ல செய்தின்னுதான் தோணும். நாலு கால்ல தவழ்ந்து பெட்டி இழுக்கற வேலை ஒழிஞ்சா நல்லதுதானே? நல்லதுதான். ஆனா அந்த வீட்டுக் கணக்கைப் பாருங்க. ரெண்டு பேர் சம்பாதிச்ச குடும்பத்துல ஒருத்தர் வருமானம் நின்னுபோச்சு. மேல நிலக்கரியில கல் பொறுக்குற வேலைக்குப் போனா கூலி குறைவு. அதனால சிலர் விலக்கு இருந்த சின்னச் சுரங்கங்களைத் தேடிப் போனாங்க. கன்வேயர் போட வசதி இல்லாத, பாதுகாப்பு இன்னும் மோசமான இடங்கள் அதெல்லாம்.

அந்தத் தடையும் உறுதியா நிக்கல. 1939-ல போர்க்காலத்துக்காகத் தளர்த்திட்டாங்க. பெண்கள் திரும்ப உள்ள போனாங்க. அதே வருஷம்தான் கொரியர்களை ஜப்பான் சுரங்கங்களுக்குப் பெரிய அளவுல திரட்டிக் கொண்டு வரவும் ஆரம்பிச்சாங்க. அப்புறம் சீனர்கள், போர்க் கைதிகள். ஆள் பத்தலன்னா இறக்குறதுக்கு யாரையாவது தேடிப் பிடிச்சாங்க. போருக்கு அப்புறம் 1947-ல தொழிலாளர் சட்டம் வந்த பிறகுதான் பெண்கள் அடியில வேலை செய்யறது சட்டப்படி முடிவுக்கு வந்தது.

இங்க ஒரு புத்தகத்தைச் சொல்லணும். மொரிசாகி கசுயேங்கிற எழுத்தாளர் சிக்குஹோவிலேயே தங்கி, அதோயாமாவா இருந்த வயசான பெண்களோட பேசி, 1961-ல 'மக்குரா'ன்னு வெளியிட்டாங்க. 'கும்மிருட்டு'ன்னு அர்த்தம். அந்தப் பெண்கள் தங்களைப் பாவப்பட்டவங்களா மட்டும் காட்டிக்கல. கொடுமை இருந்துச்சுன்னு சொல்றாங்க. அதே மூச்சுல, நான் வேலைக்காரி, என் உழைப்புல நின்னவ நானுங்கிற கர்வமும் இருக்கு. எனக்கு இதுதான் முக்கியமா படுது. 'பாவம், நல்லவேளை மெஷின் வந்து காப்பாத்திடுச்சு'ன்னு நாம ஒரு வரியில முடிச்சிடலாம். அப்படி முடிச்சா அவங்க திறமையையும் சேர்த்து அழிச்சிடுவோம். மெஷின் அவங்க சுமையை எடுத்துக்குச்சு, வேலையையும் எடுத்துக்குச்சு. எதை எடுத்துக்கலாம்னு அவங்ககிட்ட யாரும் கேக்கல.

1963, மதியம் மூணு மணி

மெஷின் வந்ததும் அம்புக்குறி பிரச்சினை தீர்ந்துடுச்சான்னா, இல்ல.

1963 நவம்பர் 9, சனிக்கிழமை. மீகேயோட மிகாவா சுரங்கம். அந்தக் காலத்துல ஜப்பான்ல பெரிய, நவீனமான சுரங்கங்கள்ல ஒண்ணு. மதியம் மூணு மணி தாண்டி, சாய்வுப் பாதையில நிலக்கரி நிரம்பின வண்டித் தொடரை மேல இழுத்துக்கிட்டு இருக்கு. வண்டிகளைக் கோர்த்த இணைப்பு உடைஞ்சது. வண்டிகள் பின்னோக்கி உருண்டு ஓடித் தடம் புரண்டன. பாதையில படிஞ்சிருந்த நிலக்கரித் தூசி கிளம்பிக் காத்துல கலந்தது. ஒரு பொறி. அவ்வளவுதான்.

458 பேர் இறந்தாங்க. 839 பேர் கார்பன் மோனாக்சைடு விஷத்தால பாதிக்கப்பட்டாங்க. இறந்தவங்கள்லயும் பெரும்பாலானவங்களைக் கொன்னது அந்த வாயுதான். பிழைச்சவங்கள்ல பல பேருக்கு மூளை பாதிப்பு. ஞாபகம் போச்சு, குணம் மாறிப்போச்சு. அவங்களை வருஷக்கணக்கா வீட்டுல வெச்சுப் பாத்துக்கிட்டது மறுபடியும் மனைவிகள். அந்த வேலையும் எந்தச் சம்பளக் கணக்குலயும் வரல.

நிலக்கரியை வெட்டும்போது நடந்த விபத்து இல்ல இது. வெட்டி, ஏத்தி, 'இனி அதுவா போயிடும்'னு நாம நினைக்கிற அந்த இடத்துல நடந்தது. ஒரு இணைப்பு, கூட்டிப் பெருக்காத தூசி. ரெண்டுமே பராமரிப்பு வேலைகள். யார் கண்ணுலயும் படாத வேலைகள்.

மீகே 1997 மார்ச் 30-ல மூடப்பட்டது. அங்க இருந்த மியனோஹரா, மண்டா சுரங்கக் கட்டடங்கள் 2015-ல உலகப் பாரம்பரியச் சின்னங்கள் ஆச்சு. ஜப்பான் போனா நேர்ல பாக்கலாம். உயரமான இரும்புக் கோபுரம், அதுக்கு மேல சக்கரம், செங்கல் கட்டடம், பார்க்க நல்லாவே இருக்கும். ஆனா நேரம் இருந்தா தகாவா நகரத்துச் சுரங்க மியூசியத்துக்கும் போங்க. சகுபேய் வரைஞ்சதைப் பாக்கணும்னா அங்கதான். பெரிய மெஷினெல்லாம் பாரம்பரியச் சின்னமா நின்னுடுச்சு. ஸுரா இழுத்த பாதை பூமிக்கு அடியில நொறுங்கித் தண்ணி நிரம்பிப் போச்சு. அது மிச்சம் இருக்கறது அந்த வாட்ச்மேன் தாத்தா வரைஞ்ச படங்கள்லயும், அந்தப் பாட்டிகள் சொன்ன வார்த்தைகள்லயும்தான்.

உங்களுக்கு ஒரு சின்ன ஹோம்வொர்க். நாளைக்கு நீங்க யூஸ் பண்ற ஏதாவது ஒரு சர்வீஸை எடுத்துக்கோங்க. பத்து நிமிஷ டெலிவரியோ, குப்பை வண்டியோ, உங்க ஆபீஸ் கேன்டீனோ. அதோட அம்புக்குறியில யார் இருக்காங்கன்னு பாருங்க. அங்க மெஷின் எதுவரைக்கும் வந்திருக்கு, எந்த இடத்துல நின்னுபோயிருக்கு? வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சிலதைப் போடறேன்.